ஓபோ ரீட் கட்டத் தட்டை: எத்தனை வருடம் வைப்பது, எதை எடுப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. நீங்கள் சென்னையில் மூன்று வருடமாக ஓபோ (இரண்டு மெல்லிய ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய ரீட்டை வாயில் வைத்து ஊதும் மேற்கத்தியக் குழல்) பயில்கிறீர்கள். இதுவரை கட்டிய ரீட்டை விலைக்கு வாங்கி வாசித்தவர், இப்போது நீங்களே கட்டிப் பழகலாம் என்று பிரான்ஸிலிருந்து அரைக் கிலோ குழல் தட்டை (ரீட் செய்யும் நாணல் தண்டின் துண்டுகள்) வரவழைத்திருக்கிறீர்கள். "5 வருடமாவது கிடக்கட்டும், அதுவரை தொடாதே" என்கிறார் ஒருவர். "வந்த அன்றைக்கே ஊறப்போடு" என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தட்டை உள்வரை காய்ந்துவிட்டதா என்பது ஒன்று. இது நல்ல தட்டையா என்பது மற்றொன்று. முதலாவதற்குத்தான் காலம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு உங்கள் கண்ணும் நகமும் காதும்தான் பதில் சொல்ல வேண்டும். மட்டமான தட்டை எத்தனை வருடம் கிடந்தாலும் தேறி நான் பார்த்ததில்லை.

நான் டொரன்டோவில் இருக்கிறேன். 22 வருடமாக என் ரீட்டை நானே கட்டுகிறேன், மாணவர்களுக்கும் கட்டிக் கொடுக்கிறேன். கற்றது அமெரிக்க முறை, அதாவது நுனியிலிருந்து நூல்கட்டு வரை நீளச் சீவும் முறை. 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஓபோ வாசித்த மார்செல் தபுத்தோவின் மாணவர்கள் வழியாகப் பரவிய வழி அது. ஐரோப்பாவில் பெரும்பாலும் நுனிப்பக்கம் மட்டும் குட்டையாகச் சீவுவார்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே தட்டை ஒரு முறைக்கு ஒத்துவந்து இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போவது சகஜம். இணையத்தில் படிக்கும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில் பாதி இதனால்தான். பாஸூன் என்ற மேற்கத்தியக் குழலுக்கோ நம் நாகஸ்வரத்துக்கோ நான் ரீட் (சீவாளி) கட்டியதில்லை. அவற்றைப் பற்றி அந்தக் கைகள்தான் பேச வேண்டும்.

தட்டையின் வயது உங்கள் பெட்டிக்குள் வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அருண்டோ டோனாக்ஸ் என்ற இந்தப் பெரும்புல் முளைத்த முதல் வருடத்திலேயே 6 மீட்டருக்குப் பக்கமாக வளர்ந்துவிடும். பார்ப்பதற்கு மூங்கில்போல நிமிர்ந்து நிற்கும், ஆனால் உள்ளே இளசு. இரண்டாம் வருடத்தில் உயரம் கூடாது. பக்கக் கிளை விட்டு, தண்டின் சுவர் முற்றி மரத்தன்மை ஏறும். அந்த இரண்டாம் வருடம் முடிகிற குளிர்காலத்தில், சாறு இறங்கியிருக்கும்போது வெட்டுவார்கள். பிரான்ஸின் தெற்குக் கடலோரத்தில் உள்ள வார் மாவட்டம் இதற்குப் பேர்போனது. ஃப்ரேஜுஸ், கோகொலான், இயேர் ஊர்ப் பெயர்களைத் தட்டைப் பைகளின்மேல் நீங்களே பார்த்திருப்பீர்கள். ரீட் தயாரிக்கும் நிறுவனங்களில் ரிகோத்தி கோகொலானில் இருக்கிறது, வாண்டோரனின் தட்டைத் தோட்டங்களும் அந்த மாவட்டத்தில்தான். வெட்டிய தண்டுகளைக் கட்டுக் கட்டாகச் சாய்த்து நிறுத்தி உலரவிடுவார்கள். பிறகு சோகை நீக்கி, வெயிலில் பரப்பி, எல்லாப் பக்கமும் படும்படி திருப்பிப் போடுவார்கள். பச்சை போய்ப் பொன்னிறம் வருவது இந்த வெயிலில்தான். அதன்பின் காற்றோட்டமான கொட்டகையில் ஒரு வருடமோ இரண்டோ கிடக்கும். பிறகுதான் கணுவுக்குக் கணு அறுத்து, விட்டம் வாரியாகப் பிரித்து விற்பனைக்கு வரும். ஆகவே நேர்மையான வியாபாரியிடம் வாங்கிய தட்டை, உங்கள் கைக்கு வரும்போதே செடியில் இரண்டு வருடமும் கொட்டகையில் ஒன்றிரண்டு வருடமும் கழித்திருக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அது தராசு. பத்துக் குழல்களை எடுத்து ஒரு காகிதப் பையில் போடுங்கள். நகைக் கடையில் வைத்திருப்பதுபோல 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசில் நிறுத்து, பைமேல் தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் உள்ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று பொருள், காத்திருங்கள். நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. தட்டை காற்றில் உள்ள ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டால் அதற்குமேல் காய்வதற்கு எதுவுமில்லை. சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழையில் அதே பை சற்றுக் கனக்கும், அக்னி நட்சத்திரத்தில் இலேசாகும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், அது பருவத்தோடு வந்துபோகும் ஈரம். மூன்று நான்கு வாரம் எடை ஒரே இடத்தில் நின்றால் எனக்குப் போதும்.

அதற்குமேல் 5 வருடம், 10 வருடம் வைத்தால் இன்னும் நன்றாகுமா? இங்கேதான் உறுதி முடிந்து நம்பிக்கை தொடங்குகிறது. நான் மதிக்கும் பலர் பழந்தட்டை நிதானமானது, ரீட் நாளுக்கு நாள் குணம் மாறாது என்கிறார்கள். என் கையிலும் சில பழைய பைகள் அப்படி அமைந்ததுண்டு. ஆனால் அந்தப் பைகளை நான் ஏன் அவ்வளவு நாள் வைத்திருந்தேன்? நல்ல தட்டை என்று முதலிலேயே தெரிந்ததால் முக்கியக் கச்சேரிகளுக்கென்று ஒதுக்கிவைத்தேன். சுமாரானதையெல்லாம் அவ்வப்போது பயிற்சி ரீட்டுக்குச் செலவழித்துவிட்டேன். ஆகவே பத்து வருடம் கழித்துப் பெட்டியில் மிஞ்சியிருப்பது இயல்பாகவே நல்ல தட்டைதான். அது காலம் செய்த நன்மையா, நான் ஒதுக்கிவைத்ததன் பலனா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. தட்டைக்குள் நீரில் கரையும் சர்க்கரைகள் இருக்கின்றன, அவை அதன் விறைப்பையும் அதிர்வு அடங்கும் விதத்தையும் பாதிக்கின்றன என்பதை 1990களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஊறவைக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கரைந்து போகும். அதனால் தட்டையின் குணத்தை மாற்றுவதில் வெறும் கிடப்பைவிடத் தண்ணீருக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். எண்ணம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் "10 வருடம் பதப்பட்டது" என்று எழுதியிருந்த ஒரு பையை இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். பட்டை மங்கிய சாம்பல் பூத்து இருந்தது. பழசானால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நம்பி அந்தக் குளிர்காலம் முழுக்க அதிலேயே கட்டினேன். ஒன்றும் எழவில்லை. மேல் ஸ்வரங்கள் சுருதி இறங்கி ஒலித்தன, தாழ் ஸ்வரங்கள் பிடிக்கவே மறுத்தன. குறை என் கத்தியில் என்று நினைத்து மூன்று மாதம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வசந்தத்தில் வேறு பையிலிருந்து, இரண்டு வருடமே ஆன ஒரு குழலை எடுத்துக் கட்டிய முதல் ரீட் பத்து நிமிடத்தில் பாடியது. பையில் எழுதியிருக்கும் வருடத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இனி தேர்வு. பையை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். நிறத்தை முதலில் பாருங்கள். தேன் கலந்த பொன்னிறம் நல்லது. பழுப்புப் புள்ளியும் வரியும் இருந்தால் பயப்பட வேண்டாம், அவற்றில் மிக நல்ல ரீட்கள் கட்டியிருக்கிறேன். பச்சைச் சாயல் தெரிந்தால் முற்றாமல் வெட்டியது அல்லது வெயில் போதாதது. வெளியே மட்டுமல்லாமல் வெட்டுமுகத்திலும் சாம்பலோ கருமையோ ஓடியிருந்தால் பூஞ்சணம் உள்ளே போயிருக்கிறது, அதைத் தூக்கிப் போடுங்கள். பட்டை கையில் வழுக்க வேண்டும், வெளிச்சத்தில் மினுங்க வேண்டும். சுருக்கம் விழுந்து வாய்க்கால் ஓடிய பட்டை, முற்றுமுன் வெட்டி அவசரமாகக் காயவைத்ததன் அடையாளம்.

அடுத்தது, குழல் நேராக இருக்கிறதா என்பது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் குழலை உருட்டுங்கள். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து மறைந்தால் குழல் வளைந்திருக்கிறது. முழுக் குழலும் நேராக இருக்க வேண்டியதில்லை. 75 மி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்பகுதி கிடைத்தால் போதும், அதைக் குறித்து அறுத்துக்கொள்ளலாம். வளைந்த துண்டில் கட்டினால் இரண்டு ஏடுகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியாது, ஓரத்தில் காற்று கசியும். எவ்வளவு சீவினாலும் இந்தக் குறை தீராது.

இப்போது குழலின் வெட்டுமுகத்தைக் கத்தியால் ஒருமுறை சுத்தமாக இழைத்து, நாக்கால் இலேசாக ஈரமாக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். இந்த ஒரு காட்சிக்காகவே லென்ஸ் வாங்கலாம். வெளிறிய மென்திசுவுக்குள் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் நார்க்கற்றைகள். பட்டையை ஒட்டிச் சின்னதாக நெருங்கியும், உள்ளே போகப் போகப் பெரிதாகி விலகியும் இருக்கும். நல்ல குழலில் அந்த நெருக்கம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். சில குழல்களில் ஒரு பக்கம் கடுகு கொட்டியதுபோல் அடர்ந்து, எதிர்ப்பக்கம் வெறிச்சென்று இருக்கும். அவற்றில் நல்ல பக்கத்தை மட்டும் பிளந்து எடுத்துக்கொள்வேன். 1998இல் அடிலெய்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிளாரினெட் ரீட்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோது, நன்றாக ஒலித்தவற்றில் நார்க்கற்றையைச் சுற்றிய நார்வளையம் முறியாமல் தொடர்ச்சியாக இருந்ததைக் கண்டார்கள். அது கிளாரினெட் ஆய்வுதான், தாவரம் ஒன்று என்பதால் ஓபோவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். லென்ஸில் வளையம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. புள்ளிகள் கூர்மையாக, ஓரம் கலங்காமல் இருக்கின்றனவா என்பது மட்டும் தெரியும். அதுவே பெரிய உதவி.

இந்த அடுக்கு விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். குழலை மூன்றாகப் பிளந்து, உட்புறத்தைக் கௌஜர் எந்திரத்தில் இழைக்கிறோம். நடுவில் 0.58 முதல் 0.60 மி.மீ. தடிப்பு மிஞ்சும்வரை உள்மென்மை எல்லாம் போய்விடுகிறது. பிறகு மடித்துக் கட்டி, இந்த முறை வெளியிலிருந்து பட்டையைச் சீவுகிறோம். நுனிக்கு வரும்போது பட்டையும் அடர்ந்த வெளியடுக்கும் போய், உள்ளடுக்கு மட்டும் மயிரிழைபோல் நிற்கிறது. ஆக, நுனியில் அதிர்வது உள்பக்க நார். முதுகில் தாங்குவது வெளிப்பக்க நார். இரண்டும் ஒரே தட்டையில் சரியாக அமைய வேண்டும். இழைப்பின் அளவு 0.02 மி.மீ. மாறினாலும் நுனிக்கு வந்து சேரும் அடுக்கு மாறிவிடும். மெத்தென்ற தட்டையைச் சற்று மெல்லியதாக இழைத்தால் அடர்ந்த அடுக்குக்குப் பக்கமாகப் போகலாம் என்பதும் இதனால்தான்.

விட்டத்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓபோவுக்கு 10 முதல் 11 மி.மீ. வரை விற்கிறார்கள். குறைந்த விட்டக் குழலின் துண்டு அதிகம் வளைந்திருக்கும், கட்டினால் வாய் அகலத் திறக்கும். பெரிய விட்டம் சப்பையாக இருக்கும், வாய் ஒடுங்கும். காற்றில் ஈரம் கூடினால் ரீட்டின் வாய் இன்னும் திறந்துகொள்ளும். இங்கே ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் 10 மி.மீ. எடுப்பேன், புழுங்கும் ஜூலையில் 10.5க்கு மாறுவேன். சென்னை வருடம் முழுக்க ஜூலைதான் என்பதால் நீங்கள் 10.5இலேயே தொடங்கலாம்.

பிளக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மூன்று அலகுள்ள பிளப்பானைக் குழலின் வாயில் வைத்து ஒரே தள்ளு. நல்ல தட்டை "டக்"கென்று நேர்கோட்டில் போய்விடும். நார் முறுக்கியிருந்தால் வெடிப்பு கோணலாக ஓடும். பிளந்த துண்டைக் கல் மேடையில் அரையடி உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சிலது கணீரென்று சிணுங்கும், சிலது தொப்பென்று விழும். பத்துத் துண்டு போட்டால் காது தானே வகை பிரித்துவிடும். கணீர் என்றால் கெட்டி, தொப் என்றால் மெத்தை. இரண்டு கோடியையும் விட்டு நடுவில் நிற்பதை எடுங்கள். இழைத்த பிறகு உட்புறத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று விழுந்து அப்படியே நின்றால் மெத்தை, தடமே விழாவிட்டால் கெட்டி. கௌஜரில் வரும் சுருளையும் கவனியுங்கள். நீளமாக, பட்டுநாடாபோல் வந்தால் நல்லது. தூளாகவோ பஞ்சாகவோ உதிர்ந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தட்டையின் கோளாறுதான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். மனம் வலிக்கும், ஆனால் மட்டமான துண்டில் இரண்டு மணி நேரம் சீவுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது, வளர்பிறையில் வெட்டியதா தேய்பிறையில் வெட்டியதா என்று விசாரிப்பது, இவற்றை எனக்குக் கற்றுத்தந்தவர்களே நம்பினார்கள். மிதவைச் சோதனை அடர்த்தியைத் தோராயமாகக் காட்டும். ஆனால் வெட்டுமுகம் எவ்வளவு நீரை உறிஞ்சியது என்பதும் அதில் கலந்துவிடுவதால் நான் விட்டுவிட்டேன். நிலவு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்ப்பெயரும் உத்தரவாதமில்லை. இதே செடி கலிபோர்னியா ஆற்றங்கரைகளில் களையாக மண்டி, அதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். அங்கே வெட்டிய தட்டையிலும் நல்ல ரீட் கட்டியவர்கள் உண்டு. வார் மாவட்டத்தின் சிறப்பு, வறண்ட கோடையும் மிதமான குளிரும் தலைமுறைகளாகத் தட்டை பார்த்த கண்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது என்று நினைக்கிறேன்.

பதப்படுதலில் நான் மனதார நம்பும் பகுதி ஒன்று உண்டு. அது பெட்டியில் கிடக்கும் வருடங்களில் இல்லை, வேலைக்கு நடுவே விடும் நாட்களில் இருக்கிறது. ஊறவைத்து இழைத்த துண்டை அன்றே கட்டாமல் ஒரு வாரம் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஈரத்தில் உப்பியிருந்த தட்டை காய்ந்ததும் சற்றுச் சுருங்கியிருக்கும். உங்கள் உண்மையான தடிப்பு அதுதான். வடிவம் வெட்டி, 47 மி.மீ. ஸ்டேபிளில் (ரீட்டைக் கட்டும் சிறு உலோகக் குழாய், நாகஸ்வரத்தில் கெண்டை செய்கிற வேலையை இங்கே செய்வது அது) நூலால் கட்டியபின் மறுபடி ஒரு வாரம் விடுங்கள். கட்டும்போது தட்டை வளைந்து இறுக்கத்துக்குள் போகிறது, அது அடங்க நேரம் வேண்டும். பிறகு ஒரே நாளில் சீவி முடிக்காதீர்கள். முதல் நாள் வெறும் கூவல் (ரீட்டை மட்டும் ஊதினால் எழும் ஒலி) வரும்வரை, மறுநாள் கொஞ்சம், மூன்றாம் நாள் முடிப்பு. நனைந்து காய்ந்து நனைந்து காயும்போது ரீட் ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும். நான்காம் ஐந்தாம் நாள்தான் அது தன் குணத்துக்கு வந்து நிற்கும். முதல் நாளே கச்சிதமாகப் பாடிய ரீட், மூன்றாம் நாள் வாய் மூடிச் செத்துப்போனதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

சேமிப்பில் உங்கள் ஊர்தான் சவால். உள்ளே சர்க்கரை இருப்பதால் பூஞ்சணத்துக்குத் தட்டை விருந்து. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்கவே கூடாது. பருத்தித் துணிப்பையிலோ காகிதப் பையிலோ போட்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை விரித்துப் பாருங்கள், வெயில் வந்த நாளில் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். துளையும் மாவுபோன்ற தூளும் கண்ணில் பட்டால் அந்தப் பையை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் அரைக் கிலோவை இந்த வாரமே நிறுக்கத் தொடங்குங்கள், எடை நின்றதும் கட்டத் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு ரீட்டுக்கும் எந்தப் பை, விட்டம், நகத்தடம், விழுந்த ஓசை, இழைப்பின் அளவு, எத்தனை நாள் வாசித்தது என்று எழுதுங்கள். கட்டத் தொடங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். தேறிய குழல்களில் கண்ணை மூடிக்கொண்டு பத்தை எடுத்து, நல்லது சுமார் என்று பார்க்காமல், தேதி எழுதித் தனிப்பையில் கட்டி வையுங்கள். 5 வருடம் கழித்து அவற்றை இழைத்துக் கட்டி, நோட்டில் உள்ள முதல் பத்தோடு வைத்துப் பாருங்கள். நான் ஒதுக்கிவைத்ததெல்லாம் பார்த்துப் பொறுக்கியவை, அதனால் என் பெட்டியில் அந்தப் பத்து இல்லை.